லாரிச் சத்தமும் குடியானவர் ஆதாயமும்
செங்கற்பட்டு, மாமல்லபுரக் கரையோரப் பகுதிகளில் சொந்த லாரி ஓட்டுவோர் நிலைமை பற்றிய குறிப்புகள்

விளைபொருள் களத்தில் குவிந்தவுடன் பயிர்த்தொழில் முடிந்துவிடுவதாக நம்மில் பலர் கருதி வருகின்றனர். விதை, எரு, நீர், ஆட்கூலி ஆகியவற்றைக் காசு காசாகக் கணக்கிடும் மிராசுதாரரும், சரக்கு சந்தைக்குப் போய்ச் சேரும் செலவை மட்டும் வியாபாரியின் பாடென்று விட்டுவிடுகின்றனர். உண்மையில் அச்செலவைச் சுமப்பவர் குடியானவரே. வியாபாரி வயலில் விலை பேசும்பொழுதே வண்டிச் சத்தத்தையும் ஏற்றிறக்கு கூலியையும் மனத்தில் கழித்துக்கொண்டுதான் பேசுகிறார். ஆதலின், நம் சரக்கை ஏற்றிச் செல்லும் லாரிக்காரருடைய வரவு செலவு எத்தன்மையது, அவர் கேட்கும் வாடகை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்கும் என்பவற்றை நிலக்காரர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தனி ஜில்லாவாகப் பிரிந்த செங்கற்பட்டில், மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் ஆகிய தாலூகாக்களிலிருந்து நெல், தர்ப்பூசணி, நிலக்கடலை, காய்கறி, சவுக்கு முதலியன வெளியே செல்கின்றன. படாளத்திலுள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைச் சார்ந்த கரும்பும் உண்டு. இச்சரக்குகளில் மிகுதியானவை பெருங் கம்பெனிகளின் வண்டிகளில் ஏறுவதில்லை. ஒரு லாரியையோ, இரண்டு லாரிகளையோ கடனுக்கு வாங்கி, தாமே சக்கரம் பிடித்து ஓட்டும் சிறு சொந்தக்காரர்களின் வண்டிகளிலேயே ஏறுகின்றன. அவர்களுள் பலர் நம் கிராமத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளே. அவர்கள் நொடித்தால் நம் சரக்கும் களத்தில் கிடக்கும்.

படகு போய் லாரி வந்த வரலாறு

இக்கரையோரத்தில் பாரம் சுமக்கும் தொழில் புதியதன்று. 1806-ஆம் ஆண்டில் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் நோக்கி வெட்டுவித்த கால்வாய், பின்னர் இரு திசையிலும் நீட்டப்பட்டது. 1877-78 பஞ்ச காலத்தில், நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி நகருக்குள் வெட்டப்பெற்று, அப்போது கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய் பெற்றது. வடக்கே பெத்தகஞ்சத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீண்ட இந்நீர்வழி, முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களை ஒட்டிச் செல்கிறது. விறகும் உப்பும் தானியமும் இவ்வழியே பட்டணம் சென்றன. கரையோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்குப் பட்டணத்து அடுப்புகளும், அக்காலத்து ரயில் எஞ்சின்களும் கேட்ட விறகு ஒரு முக்கிய காரணம்.

அப்படகுகளை ஓட்டியவர்களுக்கும் இன்று லாரி ஓட்டுபவர்களுக்கும் நிலைமையில் பெரிய வேற்றுமை இல்லை. 1890-ஆம் ஆண்டுச் சென்னைக் கால்வாய்கள், படகுத் துறைகள் சட்டத்தின்படி படகுக்கு லைசென்சும் கால்வாய்ச் சுங்கமும் உண்டு. முகத்துவாரங்களில் மணல் மேடிட்டால் நீர் ஏறும்வரை பாரத்தோடு காத்துக் கிடக்க வேண்டும். பட்டணத்தில் சரக்கை இறக்கியபின் திரும்புகாலுக்குப் பாரம் கிடையாவிடில் வெறும் படகைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். ரயிலும் லாரியும் வந்தபின் படகுத் தொழில் மெலிந்தது. 1965, 1966 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. 2008-ஆம் ஆண்டில் நான்காவது தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக இக்கால்வாய் அறிவிக்கப்பட்டபோதிலும், நம் பகுதியில் பாரம் முழுவதும் சாலைவழியே செல்கிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை திருத்தி அமைக்கப்பட்டதும் இதற்குத் துணைசெய்தது. படகுக்காரரை வாட்டிய காத்திருப்பு, வெறும் திரும்புகால், சுங்கம் என்னும் மூன்றும் லாரிக்காரரையும் விட்டபாடில்லை.

வாடகை எவ்வாறு உண்டாகிறது?

லாரியின் செலவு இருவகைப்படும். முதலாவது, வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆகும் நிலைச் செலவு. கடன் தவணை, இன்ஷூரன்ஸ், சாலை வரி, பர்மிட்டு, தகுதிச் சான்று, ஓட்டுபவருடைய குடும்பச் செலவு ஆகியவை இதில் அடங்கும். சரக்கு வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரையில் இரண்டு ஆண்டுக்கொருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பித்தல் வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் மலிவென்று எண்ணி வாங்கினாலும், ஆண்டுதோறும் வண்டியைப் பழுது நீக்கிப் பூச்சிட்டு நிறுத்தும் செலவையும், அந்நாட்களில் நடை இழப்பதையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது, ஓடும் தூரத்துக்கேற்ற ஓட்டச் செலவு. டீசல், டயர், எண்ணெய், பழுது, சுங்கம் ஆகியவை இவை. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஜூன் முதல் விலை நாள்தோறும் திருத்தியமைக்கும் முறைக்கு வந்தது. சத்தம் பேசி முடித்தபின் டீசல் விலை ஏறினால், அந்த ஏற்றம் லாரிக்காரர் தலையிலேயே விழும். 2018-ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் எட்டு நாள் நாடெங்கும் லாரிகள் நின்றபோது, டீசல் விலை, சுங்கம், இன்ஷூரன்ஸ் கட்டணம் ஆகிய மூன்றுமே முதன்மையான குறைகளாகக் கூறப்பட்டன.

மாட்டு வண்டி வைத்திருந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இவ்விரு வகையும் எளிதில் விளங்கும். வண்டி பூட்டாத நாளிலும் மாட்டுக்கு வைக்கோலும் பருத்திக்கொட்டையும் வைக்கவேண்டும். லாரிக்குக் கடன் தவணையே வைக்கோல். மாடாவது பட்டினியைச் சில நாள் பொறுக்கும், தவணை பொறுப்பதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

விளக்கத்தின் பொருட்டுச் சில தொகைகளைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். பத்து டன் பாரம் கொள்ளத்தக்க ஒரு லாரிக்கு நிலைச் செலவு நாளொன்றுக்கு ரூ. 3,000 எனவும், ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு ரூ. 30 எனவும் கொள்க. வயலிலிருந்து கோயம்பேடு மொத்தச் சந்தை 100 கிலோமீட்டர் எனில், போகவர 200 கிலோமீட்டருக்கு ரூ. 6,000 ஆகும்.

நடை ஒரே நாளில் முடிந்தால் மொத்தச் செலவு ரூ. 9,000. டன்னுக்கு ரூ. 900.
இரண்டு நாள் பிடித்தால் ரூ. 12,000. டன்னுக்கு ரூ. 1,200.
மூன்று நாள் பிடித்தால் ரூ. 15,000. டன்னுக்கு ரூ. 1,500.
ஒரே நாளில் முடிந்து, திரும்புகாலில் ரூ. 3,000 பெறும் பாரமும் கிடைத்தால், நம் சரக்கின்மேல் விழுவது ரூ. 6,000 மட்டுமே. டன்னுக்கு ரூ. 600.

தூரம் ஒன்றே, சாலை ஒன்றே, சரக்கும் ஒன்றே. ஆயினும் டன்னுக்கு ரூ. 600-க்கும் ரூ. 1,500-க்கும் உள்ள வேற்றுமை, காத்திருப்பினாலும் வெறும் திரும்புகாலினாலும் உண்டானது. சத்தத்தை ஏற்றுவது தூரமென்றே நாம் எண்ணுகிறோம். நம் கைக்கு அடங்காத தூரத்தைக் குறைகூறுவதை விட்டு, நம் கைக்கு அடங்கிய நாளையும் திரும்புகாலையும் கவனித்தலே விவேகம்.

காத்திருப்பு

லாரி களத்துக்கு வந்தபின்னரே தர்ப்பூசணி அறுக்க ஆள் தேடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பழம் பாதி ஏறியபின் ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விடுவதும், வயற்பாதையில் சக்கரம் புதைந்து டிராக்டரைத் தேடி ஓடுவதும், எடை மேடையில் வரிசை நிற்பதும் அன்றாடம் காணும் காட்சிகள். இவ்வாறு கழியும் நேரத்துக்கு யாரும் தனியே காசு கொடுப்பதில்லை. ஆனால் லாரிக்காரர் அதை மறப்பதுமில்லை. அடுத்த நடைக்கு அவ்வூருக்கு வரும்பொழுது சத்தத்தைக் கூட்டிக் கேட்கிறார், அன்றி வராமலே இருந்துவிடுகிறார்.

தர்ப்பூசணிக்கு இது மிகவும் கேடு. சென்னை மாநகருக்குள் கனத்த வண்டிகள் புகுவதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. மாலையில் புறப்படவேண்டிய வண்டி நள்ளிரவில் புறப்பட்டால், சந்தை கூடும் நேரம் தவறி, பழம் ஒரு பகல் முழுவதும் தார்ப்பாயின் கீழ் வெந்து கிடக்கும். 2025-ஆம் ஆண்டுக் கோடையில், பழத்துக்குச் சாயம் ஏற்றப்படுகிறதென்ற பேச்சுப் பரவி விலை சரிந்தபோது நம் ஜில்லாக் குடியானவர் பட்ட துன்பம் மறக்கற்பாலதன்று. பழத்தின் விலை இறங்கினும் டீசல் விலை இறங்கவில்லை, தவணையும் இறங்கவில்லை. சந்தை சரியும் ஆண்டில் சத்தமே கிரயத்தை விழுங்கிவிடுமாதலால், அத்தகைய ஆண்டுகளில் ஒரு நாள் காத்திருப்பும் பெருநஷ்டமாகும்.

காத்திருப்பினால் உயிர்ச்சேதத்துக்கும் இடமுண்டு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கூலிக்கு ஓட்டுபவர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி வேலை என்று வரையறுத்தது. தம் வண்டியைத் தாமே ஓட்டுபவருக்கு மேலாள் இல்லை, தவணையே மேலாள். பகல் முழுவதும் நம் களத்தில் உறங்காமல் நின்றவர், இரவு முழுவதும் விழித்து ஓட்டுகிறார். விடுமுறை நாட்களில் கார்கள் நெருங்கும் மாமல்லபுரச் சாலையில், கண் சொக்கிய ஒருவர் கையில் பத்து டன் பாரத்தைக் கொடுத்தனுப்புவது எத்துணை அபாயம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெறும் திரும்புகால்

நம் கிராமங்களிலிருந்து பட்டணத்துக்குச் சரக்கு போகும். பட்டணத்திலிருந்து கிராமத்துக்கு அவ்வளவு சரக்கு வருவதில்லை. ஆகையால் திரும்புகால் பெரும்பாலும் வெறுங்காலே. பாரம் தேடித் தரகரிடம் சென்றால் தரகு உண்டு. முன்பணம் ஒரு பங்கே கிடைக்கும். மீதிக்குச் சரக்கு இறங்கியபின்னும் பல நாள் அலையவேண்டும். எனினும், குடியானவருக்கு வேண்டிய சாமான்கள் பல பட்டணத்திலிருந்து வருகின்றன என்பதை மறந்துவிடுகிறோம். பிண்ணாக்கு, மாட்டுத் தீவனம், உரம், சொட்டுநீர்க் குழாய், சிமெண்டு, இரும்புக் கம்பி ஆகியவற்றைத் தனித்தனியே சிறு வண்டி வைத்துக் கொணர்கிறோம். போகும் லாரியிடமே இவற்றைத் திரும்புகாலில் கொணரும்படி முன்கூட்டிப் பேசிக்கொண்டால், இரு தரப்பாருக்கும் ஆதாயம். இருப்பினும் உரத்தையும் பூச்சிமருந்தையும் தீவனத்தோடு கலந்து ஏற்றலாகாது. பூச்சிமருந்து சிந்திய தளத்தைக் கழுவாமல் அடுத்த நடைக்குப் பழம் ஏற்றுவதும் கூடாது.

மிகைப்பாரம்

சத்தத்தைக் குறைக்க மிகைப்பாரம் ஏற்றுவதே வழியென்று வியாபாரிகளும் சில நிலக்காரரும் வற்புறுத்துவதுண்டு. 2018-ஆம் ஆண்டில் இரண்டு அச்சு லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்த்தப்பட்டது. இது வண்டியும் பாரமும் சேர்ந்த எடை என்பதைக் கவனிக்க. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மிகைப்பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் கண்ட அபராதம் ரூ. 20,000, அதன்மேல் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000, மிகையை இறக்கிவைக்கும் கூலியும் வண்டிக்காரர் பொறுப்பு. மேற்கண்ட மாதிரிக் கணக்கில் ஐந்து டன் மிகையாக ஏற்றிப் பிடிபட்டால் சட்டத்தில் கண்டபடி ரூ. 30,000 ஆகும். இது ஒரே நாளில் முடியும் மூன்று நடைகளின் முழுச் செலவுக்கும் மேற்பட்டது.

பிடிபடாமல் தப்பினும் டயர் தேய்வும் பட்டை முறிவும் தப்பா. கால்வாய், ஓடை இவற்றின்மேல் உள்ள நம் கிராமத்துச் சிறுபாலங்களும் இப்பாரத்தால் விரிசல் காண்கின்றன; பாலம் விழுந்தால் அடுத்த போகத்துக்கு லாரி ஊருக்குள் வராது. பச்சைச் சவுக்கை வெட்டிய அன்றே ஏற்றுவதில் எடையின் ஒரு பங்கு நீரே. ஆலைக்கு எடைக்கணக்கில் விற்போர் பச்சையாக அனுப்ப விரும்புவது இயல்பு. ஆயினும் கழிக்காகவும் விறகுக்காகவும் எண்ணிக்கையில் விற்போர், சில நாள் உலரவிட்டு ஏற்றினால் அதே லாரியில் அதிகக் கழிகள் முறையாக ஏறும்.

சுங்கமும் சலுகையும்

தேசிய நெடுஞ்சாலையில் பரனூரிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியிலும் சுங்கச் சாவடிகள் இருப்பதை யாவரும் அறிவர். 2008-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் உள்ள மூன்று சலுகைகளைச் சிறு லாரிக்காரர் பலர் அறியார். 24 மணி நேரத்துக்குள் திரும்பும் வண்டிக்கு, போகவர இரு கட்டணத்துக்குப் பதிலாக ஒன்றரைக் கட்டணமே உரியது. ஒரு மாதத்துக்கு ஐம்பது நடைக்கு முன்பணம் கட்டினால் கட்டணம் மூன்றில் இரு பங்காகக் குறையும். சாவடி அமைந்த ஜில்லாவிலேயே பதிவான வணிக வண்டிக்கு, நேஷனல் பர்மிட்டு வண்டி நீங்கலாக, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பாதிக் கட்டணச் சலுகையும் விதியில் உண்டு. லாரி நம் களத்தில் ஒரு பகல் தாமதித்தால் முதற் சலுகை கைநழுவிவிடும் என்பதையும் இங்கு நினைவுறுத்துகிறோம்.

2017-ஆம் ஆண்டு ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுபட்டன. வழியில் நிற்கும் நேரம் ஓரளவு குறைந்தது. பதப்படுத்தாத பழம், காய்கறி போன்றவை வரிவிலக்குப் பெற்றவை. ஆயினும், சரக்கின் பெயர், எடை, ஏற்றிய இடம், இறக்கும் இடம், பேசிய சத்தம், கொடுத்த முன்பணம் ஆகியவற்றை எழுதி இருவரும் ஒப்பமிட்ட சீட்டொன்று வண்டியில் இருத்தல் நன்று. வழக்கு நேர்ந்தால் அதுவே சாட்சி.

லாரி வாங்க எண்ணும் நிலக்காரருக்கு

தாம் கொடுக்கும் சத்தத்தைக் கண்டு, அவ்வளவும் லாரிக்காரருக்கு லாபமென்று எண்ணி, நிலத்தை ஈடுவைத்துப் பிள்ளைகளுக்கு லாரி வாங்கிக் கொடுக்கும் நிலக்காரர் உளர். தர்ப்பூசணிப் பருவம் ஆண்டில் சில மாதமே. சவுக்கு வெட்டு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொருமுறை வருவது. தவணையோ மாதந்தோறும் வருவது. ஆண்டில் எத்தனை நாள் நிச்சயமாக நடை கிடைக்கும் என்று எழுதிப் பார்த்து, நிலைச் செலவை அந்நாட்களால் மட்டும் வகுத்துப் பார்க்கவேண்டும். அங்ஙனம் வரும் தொகை ஊரில் வழங்கும் சத்தத்துக்கு மேற்பட்டிருப்பின், வாங்காதிருத்தலே நலம். லாரி ஆண்டுதோறும் தேயும் பொருள், நிலம் அத்தன்மையதன்று. ஓடாத லாரிக்காக விளையும் நிலத்தை இழத்தல் பேதைமை. 2005-ஆம் ஆண்டு முதல் வந்து, நம் மக்கள் 'குட்டி யானை' என்றழைக்கும் சிறு வண்டி வகைகள், சில குடும்பங்கள் கூடி வாங்கிக் காய்கறி ஏற்றுவதற்கு ஏற்றவை. அவற்றுக்கும் மேற்கண்ட கணக்கே பொருந்தும்.

செய்யத்தக்கவை

1. ஆட்களையும் கோணியையும் தராசையும் ஆயத்தம் செய்தபின்னரே லாரிக்குச் சொல்லியனுப்புக. லாரி வருமுன் பாதிச் சரக்காவது சாலையோரம் வந்திருத்தல் வேண்டும்.

2. ஏற்றுவதற்கு இத்தனை மணி நேரம், அதற்குமேல் மணிக்கு இவ்வளவு என்று காத்திருப்புக் கூலியை முன்னரே பேசி எழுதுக. இது லாரிக்காரருக்குச் செய்யும் தருமமன்று. நம் ஆட்களை விரைவுபடுத்தும் கருவி.

3. அரை லாரிச் சரக்குடையோர் அண்டை நிலக்காரரோடு கூடி ஒரே நாளில் அறுவடை வைத்து முழு லாரி பிடிக்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இவ்வேலையை ஏற்றல் தகும்.

4. திரும்புகாலில் வேண்டிய உரம், தீவனம் முதலியவற்றின் பட்டியலை லாரி புறப்படுமுன் கொடுத்தனுப்புக.

5. அனுமதித்த எடைக்குமேல் ஏற்ற வற்புறுத்தாதிருக்க. எடைச் சீட்டின் ஒரு பிரதியைத் தாமும் வைத்துக்கொள்க.

6. பேசிய சத்தத்தின் மீதியைச் சரக்கு இறங்கிய அன்றே தீர்க்க. ஒழுங்காகப் பணம் தரும் ஊருக்கு, வண்டி கிடையாத நாளிலும் வண்டி வரும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. அறுவடைப் பருவத்துக்கு முன்பாக, ஊரின் ஏற்றுமிடத்துக்குச் செல்லும் பாதையைச் சுற்றிப் பார்த்து, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, கரைந்த ஓரம், வலுவற்ற சிறுபாலம் ஆகியவற்றைக் குறித்து, உரிய இலாகாக்களுக்கு எழுதிவிடுதல் வேண்டும். லாரி திரும்புவதற்கும் நிற்பதற்கும் கெட்டித்த தரையொன்றை ஊர்ப் பொதுவில் ஒதுக்கினால், சேற்றில் சக்கரம் புதையும் தொல்லை ஒழியும். நெல் கொள்முதல் நடைபெறும் ஊர்களில், மூட்டைகள் மழையில் நனையாவண்ணம் லாரி வந்து ஏற்றும் வழியைத் திறந்து வைத்திருப்பதும் அவர்கள் கவனத்துக்குரியது.

டீசல் விலையையும் சுங்கத்தையும் குறைப்பது நம் கையில் இல்லை. லாரி நம் களத்தில் நிற்கும் நேரமும், அது வெறுமனே திரும்புவதும் பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளன. வரும் தர்ப்பூசணிப் பருவத்தில், ஒவ்வொரு நடைக்கும் லாரி வந்த நேரம், புறப்பட்ட நேரம், ஏற்றிய எடை, கொடுத்த சத்தம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரும்படி நிலக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பருவ முடிவில் அக்கணக்கைப் புரட்டிப் பார்ப்பவருக்கு, தம் ஆதாயம் எங்கே கசிந்தது என்பது பிறர் சொல்லாமலே விளங்கும்.